பித்தளைப் பானையின் அளவு

புகையில்லா அடுப்புக்கு அளவெடுக்க ஆள் வந்து வாசலில் நிற்கும்போது மாமியார் பரணைக் காட்டி, "அதை இறக்கு" என்றாள்.

அது என்றால் பித்தளைப் பானை. மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கூடவே வந்தது. இருபது பேருக்கு வெந்நீர் போடலாம்; வீட்டில் இருப்பதோ நான்கு பேர், அதில் ஒருத்திக்கு மூன்று வயது. வருஷத்துக்கு ஒருமுறை அதை இறக்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அதில் முகம் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிவிடுவாள் மாமியார். பானைக்கு உத்தியோகம் அவ்வளவுதான்.

"சமைக்கிற பானையைத்தான் கேட்டாங்க அத்தை," என்றாள் மருமகள், குரலைத் தாழ்த்தி.

"கேட்டா? அந்தக் கரிப்பானையைக் கொண்டுபோய் நாலு பேர் முன்னாடி வைப்பியா? நம்ம வீட்டு லட்சணம் அதுலயா தெரியணும்?"

கரிப்பானை பின்கட்டில் மூன்று கல்லுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் சொட்டையான அலுமினியப் பானை. வெளியே விரலால் கீறினால் கரி சுருள் சுருளாக வரும். உள்ளே அப்பழுக்கில்லாமல் வெளுப்பாக இருக்கும். தினமும் அந்தக் குடும்பம் உண்டது அதில்தான். ஆனால் சோறு போட்டவனை யார் சபையில் நிறுத்துகிறார்கள்?

அடுப்பு கட்டும் பெண்ணுக்குத் தெருவில் கொத்தம்மா என்று பேர். கொத்தனார் வேலையில் ஊறிய கை, சொல் குறைவு. பித்தளைப் பானையின் வயிற்றைச் சுற்றிக் கயிறு போட்டாள். கயிற்றில் முடிச்சிட்டு, சுற்றிலும் ஒரு விரற்கடை கூடச் சேர்த்துக்கொண்டாள். பானைக்கும் அடுப்பு வாய்க்கும் நடுவே அவ்வளவுதான் இடம் விடவேண்டும். கூடினால் தீயும் புகையும் அந்தச் சந்து வழியாகவே வெளியே போய்விடும். பானைக்கும் சூடு ஏறாது, புகைபோக்கியும் இழுக்காது. அந்த ஒரு விரலில்தான் அடுப்பின் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது.

அளந்தவள் பானையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "அடி இப்படிப் பளபளன்னு இருக்கே. இதுலதான் தினம் சமைக்கிறீங்களா?"

"எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற விதம் அப்படி," என்றாள் மாமியார்.

கொத்தம்மா மருமகளைப் பார்த்தாள். மாமியாரும் பார்த்தாள். இரண்டு பார்வைக்கும் நடுவே நின்றுகொண்டு மருமகள், "ஆமா" என்றாள்.

அந்த ஓர் ஆமாவிலிருந்துதான் எல்லாம் வந்தது.

அடுப்பு அழகாகவே வந்தது. செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டி, மேலே வழவழவென்று பூசி, சுவரைத் துளைத்துப் புகைபோக்கி விட்டு, நெற்றியில் வெள்ளைப் பெயிண்டால் ‘1’ என்று எழுதினார்கள். தெருவில் முதல் அடுப்பு. மாதிரி வீடு என்று வாசலில் தகரப் பலகையும் அடித்தார்கள். அடுப்புத் திட்டத்துக்காரர், மூக்குக்கண்ணாடி போட்ட நல்ல மனுஷன், பித்தளைப் பானையை அடுப்பில் ஏற்றித் தீ மூட்டச் சொன்னார். நாலு சுள்ளிக்கு நீர் கொதித்தது. அடுப்பங்கரையில் ஒரு பொட்டுப் புகை இல்லை. மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணமாகி ஐந்து வருஷமாகக் கண்ணெரிந்து வந்த அழுகை வேறு, இது வேறு.

மறுநாள் காலையில் கரிப்பானையை அதன்மேல் வைத்தாள். பானை கழுத்துவரைக்கும் குழிக்குள் இறங்கிவிட்டது. சுற்றிலும் நான்கு விரல் போகும் சந்து. தீ மூட்டினாள். புகை சந்து வழியாக எழுந்து கூரையைப் பிடித்தது. புகைபோக்கி எனக்கென்ன என்று நின்றது. பித்தளைப் பானையிலேயே பொங்கிவிடலாம் என்று பார்த்தால், நான்கு பேர் அரிசி அதன் அடியில் ஒட்டிக் காந்திப்போனது. ஒருநாள் மூன்று இடத்தில் களிமண் உருண்டை வைத்துக் கரிப்பானையை நிறுத்திப் பார்த்தாள். ஓரளவுக்கு எரிந்தது. மத்தியானம் வந்து பார்த்த மாமியார் கத்தியை எடுத்து உருண்டைகளைச் சுரண்டிப்போட்டாள்.

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. அடுப்பு வாயில கை வைக்கக் கூடாதுன்னு அந்த சார் சொன்னாரா இல்லையா? அளவு மாறிடுச்சுன்னு கண்டுபிடிச்சா என்ன சொல்வே?"

"உண்மையைச் சொல்லிட்டாத்தான் என்ன அத்தை?"

"பொய் சொல்லித்தான் மாதிரி வீடு ஆனோம்னு சொல்லு. அந்தப் பலகையைக் கழற்றி என் தலையிலேயே அடி."

ஆக, புது அடுப்பு கோயில் சிலைபோல் துடைத்து வைக்கப்பட்டது. சமையல் பழையபடி பின்கட்டில், மூன்று கல்லில், புகையில். வாரத்துக்கு ஒருமுறை பார்வையாளர்கள் வரும்போது மட்டும் பித்தளைப் பானையில் நீர் ஏறும். திட்டத்துக்காரர் சொல்லிக் கொடுத்த மூன்று வாக்கியத்தை மருமகள் ஒப்பிப்பாள்: "விறகு பாதியாக் குறைஞ்சிருக்கு. கண்ணெரிச்சல் இல்லை. பானை அடியில கரி பிடிக்கிறதே இல்லை." சொல்லும்போது கண் சிவந்திருக்கும். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை படமும் எடுத்தார்கள்.

புருஷன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். விடியுமுன் போனால் பொழுது சாயத்தான் வருவான். அவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்களாவது அத்தைகிட்டப் பேசுங்க."

"என்னத்தைப் பேசறது? இத்தனை வருஷத்துல அம்மாவைத் தேடி ஒருத்தர் வீட்டுக்கு வந்ததுண்டா? இப்போ காரு போட்டுக்கிட்டு வர்றாங்க, அம்மா அம்மான்னு கூப்பிடறாங்க. கொஞ்ச நாள் போகட்டும். நீ எப்பவும் சமைச்ச மாதிரி சமைச்சுக்கோயேன்."

அவன் கெட்டவனில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

கொத்தம்மாவின் முடிச்சுப் போட்ட கயிறு பட்டறைக்குப் போய் இரும்பு அச்சாகி வந்தது. ஒரே அச்சு இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு அடுப்பு கட்டலாமாம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக அளவெடுக்க வேண்டாமா என்று கொத்தம்மா கேட்டாளாம். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா. அந்த வீட்டுல நல்லா எரியுது, போதும்" என்றாராம் திட்டத்துக்காரர். இரண்டு மாதத்தில் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக நாற்பது அடுப்பு எழும்பிவிட்டது. நாற்பதும் பித்தளைப் பானைக்குக் கட்டியவை. நாற்பது வீட்டிலும் இருந்தது என்னவோ கரிப்பானை.

எதிர்வீட்டுத் தையல்காரி ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். வாய் ஓயாதவள், அன்றைக்குத் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. அந்த அடுப்பை எப்படித்தான் எரிக்கிறே? எனக்கு வீடு முழுக்கப் புகையா வருது. பழசே தேவலைன்னு ஆயிடுச்சு. வெளியில சொன்னா, அடுப்பு மூட்டத் தெரியாதவன்னு சிரிப்பாங்க. இத்தனை வயசுக்கு மேல எனக்கு இது ஒரு கேவலம்."

மருமகள் சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். உள்ளே மாமியார் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாள் பழகணும் அக்கா," என்றாள் மருமகள்.

"உனக்குக் கைராசி. பானை பிடிச்சவ பாக்கியசாலின்னு சும்மாவா சொன்னாங்க," என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள் தையல்காரி. தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது மருமகளுக்கு.

அடுத்த வாரம் காட்டுவாசலில் விறகுச் சீட்டுக்கு நின்றாள். மலைச்சரிவுக்கு வேலி போட்டதிலிருந்து, வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு கட்டு என்று சீட்டு கொடுப்பார்கள். வனக்காவலர் ஒன்றைத்தான் கிழித்துக் கொடுத்தார்.

"இன்னொண்ணு?"

"புது அடுப்பு வீட்டுக்கெல்லாம் இனி ஒரு கட்டுதான்மா. மேலிருந்து உத்தரவு."

"ஒரு கட்டு எப்படிங்க காணும்? நாலு நாள் கூட வராதே."

காவலர் ஆச்சரியப்பட்டார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே ஆச்சரியம். சாவடிச் சுவரைக் காட்டினார். அங்கே அவள் படம் ஒட்டியிருந்தது. பித்தளைப் பானை மின்ன, பக்கத்தில் அவள் கைகட்டி நிற்கிறாள். கீழே கொட்டை எழுத்தில்: விறகு பாதியாகக் குறைந்தது.

"இது நீதானேம்மா? நீ சொன்னதைத்தானே எழுதியிருக்கு? பாதி போதும்னா பாதிதானே தருவாங்க."

வரிசையில் நின்ற பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். திரும்பும் வழியில் ஒருத்தி காதுபடவே சொன்னாள்: "இவ ஒருத்தி நல்ல பேர் வாங்கறதுக்கு நாப்பது வீட்டு உலையில மண்ணைப் போட்டுட்டா." ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அவள் தலைச்சுமையை மாற்றிக்கொண்டு நடந்தாள். சுமை பாதியாகத்தான் இருந்தது, நடைதான் வரவில்லை.

அதன்பிறகு சமையல் ஒருவேளையாகச் சுருங்கியது. காய்ந்த தண்டு, தென்னங்கீற்று, கிழிந்த சாக்கு என்று கிடைத்ததெல்லாம் அடுப்பில் போனது. ஈரமும் குப்பையும் எரிந்தால் புகை எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பின்கட்டில் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டே நிற்கும் பெண்குழந்தைக்கு இருமல் பிடித்தது. முதலில் காலையில் மட்டும்; அப்புறம் பகலிலும். மருத்துவமனைக்குத் தூக்கிப்போனாள். நர்ஸ் குழந்தையின் முதுகில் குழல் வைத்துக் கேட்டாள்.

"சளி கட்டியிருக்கு. வீட்டுல புகை உண்டா?"

"இருக்குங்க," என்றாள் மருமகள். யாரோ கடைசியில் கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதலில் சட்டென்று வந்துவிட்டது சொல்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, நீங்க அந்த மாதிரி வீட்டு அம்மாதானே? இங்கேயும் படம் ஒட்டியிருக்கோமே. உங்க வீட்டுலதான் புகையே இல்லையே! வண்டிப் புகையைச் சொல்றீங்களா? அப்போ இது தூசியாத்தான் இருக்கும். தலையணையை வெயில்ல போடுங்க." சீட்டில் தூசி என்று எழுதி, ஒரு பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பினாள்.

வீடு வந்து சேரும்வரை குழந்தை தோளில் இருமிக்கொண்டே வந்தது. மருமகள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்வையாளர்கள் வந்தார்கள். திட்டத்துக்காரர், வெளியூரிலிருந்து இரண்டு பேர், பின்னால் கொத்தம்மா. மாமியார் துவைத்த சேலையில் வாசலில் நின்று வரவேற்று, எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அந்த நேரத்தில் மருமகள் பித்தளைப் பானையை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பின்கட்டிலிருந்து கரிப்பானையைக் கொண்டுவந்து புது அடுப்பில் இறக்கினாள். தினமும் எரிக்கிற ஈரத் தண்டையே வைத்து மூட்டினாள். வாயால் எதுவும் சொல்லவேண்டாம். அடுப்பே சொல்லட்டும் என்று நினைத்தாள்.

அடுப்பு சொல்லிற்று. அவர்கள் உள்ளே நுழையவும் புகை கதவு உயரத்துக்கு இறங்கவும் சரியாக இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். திட்டத்துக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "என்னம்மா இது? என்ன பானை இது?" என்றார்.

மருமகள் வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியார் குறுக்கே வந்துவிட்டாள்.

"ஐயோ, இவளுக்குப் புத்தி எங்க போச்சோ! சார், அது நாய்க்குக் காய்ச்சற பானை சார். குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு ராத்திரியெல்லாம் தூங்கலை பாவம், தூக்கக் கலக்கத்துல மாத்தி வச்சிட்டா. தள்ளு, தள்ளு."

பழந்துணியால் பிடித்துக் கரிப்பானையைத் தூக்கிக் கொல்லையில் வைத்தாள். பித்தளைப் பானையை ஏற்றினாள். எங்கேயோ ஒளித்து வைத்திருந்த காய்ந்த சுள்ளியைச் செருகினாள். அடுப்பு வாயை மூடிக்கொண்டது. புகைபோக்கி ஒழுங்காக இழுக்கத் தொடங்கியது.

திட்டத்துக்காரர் சிரித்துவிட்டார். "அதானே பார்த்தேன். பயந்துட்டேன்மா." நம்ப ஆசைப்படுகிறவனுக்கு நாய் வந்து குரைக்கவேண்டியதில்லை. "இல்லை சார்..." என்று தொடங்கினாள் மருமகள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி அல்ல, விழுகிறவள் பிடிப்பதுபோலப் பிடித்தாள். வாசலில் வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியிருந்தது, தையல்காரி முன்னால் நின்றாள். மருமகள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்; மாமியார் கையை விட்டுவிட்டு, வெளியே ஓடியவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"உங்க வீட்டு வேலை இன்னியோட முடிஞ்சுதும்மா," என்றார் திட்டத்துக்காரர், நோட்டில் கையெழுத்திட்டுக்கொண்டே. "இனிமே யாரும் வந்து தொந்தரவு பண்ணமாட்டாங்க. ரொம்ப ஒத்துழைச்சீங்க."

அவர்கள் வாசலுக்குப் போனதும் கொத்தம்மா மட்டும் கொல்லைப்பக்கம் வந்தாள். கரிப்பானையின் முன்னால் குந்தினாள். கயிறு எடுக்கவில்லை, கைவிரலை விரித்து ஒருமுறை வைத்துப் பார்த்தாள். குழந்தை அருகில் வந்து நின்றது.

"கண்ணு, உங்க வீட்டு நாய் எங்க?"

"எங்க வீட்டுல நாய் இல்லையே," என்றது குழந்தை.

கொத்தம்மா விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தாள். அப்புறம் மருமகளைப் பார்த்தாள். திட்டவில்லை.

"அன்னிக்கே அடியைப் பார்த்துக் கேட்டேன். நீ ஆமான்னு சொன்னே. எனக்கும் சந்தேகம்தான். ஆனா அந்த ஆமா எனக்கும் சௌகரியமா இருந்துச்சு."

"இப்போ சொன்னா என்ன அக்கா?"

"யார்கிட்ட? அச்சு நேத்தே வண்டியேறி மலைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. இருநூறு வீடு. அளவெடுத்தவ நான். தப்பா எடுத்தேன்னு என் வாயால சொன்னா, நாளைக்கு எனக்குக் கொத்துக்கரண்டி பிடிக்க இடமில்லை." வாசலில் வண்டி ஒலியெழுப்பியது. அவள் எழுந்து, விரலில் ஒட்டிய கரியைத் தன் துணியிலேயே துடைத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் மருமகள் பின்கட்டில் மூன்று கல்லில் அதே பானையில் கஞ்சி காய்ச்சினாள். விறகு கடைசிக் கட்டில் ஒரு பிடிதான் மிச்சம். அடுத்த சீட்டுக்கு மூன்று நாள் இருந்தது. புருஷன் வந்து கைகால் கழுவி உட்கார்ந்தான். நாலு தட்டிலும் ஊற்றினாள். குழந்தை பானையைப் பார்த்தது. பகலில் நாய்ப் பானை என்று கேட்டது நினைவு வந்திருக்கவேண்டும். தட்டின்முன் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "லொள், லொள்" என்றது.

புருஷன் விஷயம் தெரியாமல் சிரித்தான். குழந்தைக்கு உற்சாகம். பாட்டியின் பக்கம் திரும்பி, "பாட்டியும் நாய்! லொள் சொல்லு பாட்டி!" என்றது. அதற்குள் இருமல் வந்துவிட்டது. குரைப்பும் இருமலும் ஒன்றாகி, எது எது என்று தெரியாமல் போனது. சின்ன உடம்பு முழுக்கக் குலுங்கியது. மருமகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மாமியார் வாய்க்குக் கொண்டுபோன கையைத் தட்டில் இறக்கினாள். குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி உடைந்து மருமகள் கண்டதில்லை.

"சிரிக்காதடா," என்றாள் மகனிடம். இருமல் அடங்க நேரமாயிற்று. அடங்கியபின், யாரையும் பார்க்காமல், மாமியார் சொன்னாள்: "அடுத்த தடவை அவங்க வரும்போது இந்தப் பானையையே வைம்மா. நானே சொல்றேன். நாய் இல்லை, நாங்கதான்னு நானே என் வாயால சொல்றேன்."

எத்தனை நாள் காத்திருந்த சொல்! மருமகளுக்கு மாமியார்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் கணத்தில் எங்கோ போய்விட்டது. அதனாலேயே பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இல்லையே அத்தை. நம்ம வீட்டு வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இனிமே நம்மகிட்ட கேக்க யாரும் வரமாட்டாங்க."

மாமியார் எழுந்து கை கழுவிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

"ஒரு கை பிடி," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "இதைப் பரண்ல ஏத்திடலாம்."